வாப்பாமார் இழுத்த சோக்

1912இல் கெடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடு வந்தது. கைப்பிடி சுழற்றிக் கை முறிந்த காலம் மெல்ல மறைந்தது. ஆனால், குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாத சிக்கல் தீரவில்லை. அதனால்தான் 1948இல் அறிமுகமான மொரிஸ் மைனரிலும் சோக் இருந்தது. இழுத்தால் பெற்றோல் கூடிய கலவை எஞ்சினுக்குப் போகும். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்வதால் நம் பிள்ளைகளுக்குச் சோக் தெரியாது.

பழைய கார் காலையில் திணறினால் உடனே புதுப் பற்றரி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றினால் பிழை வேறெங்கோ. சோக் கம்பி முழுதாக இழுபடுகிறதா பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்திருந்தால் தீப்பொறி பலவீனம், அல்லது சோக்கை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள்.

வாப்பாமார் இதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்தார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்போம்.