வேலிக்கு யார் காவல்?

சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், வடலூர் தாண்டியதும் கொஞ்சம் தூங்காமல் வாருங்கள். வெள்ளாற்றங்கரையில் சேத்தியாத்தோப்பு வரும். ஒரு அணைக்கட்டு, ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, சுற்றிலும் நெல்லும் கரும்பும். மேற்கே கொஞ்ச தூரத்தில், பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலம்.

இந்தச் சமவெளியில் காட்டு மிருகத்துக்கு என்ன வேலை என்கிறீர்களா? காட்டுப்பன்றிக்குக் காடே வேண்டும் என்று கட்டாயமில்லை. கரும்புக்கொல்லை போதும். பத்து, பன்னிரண்டு மாதம் நிற்கிற பயிர். நிழல் உண்டு, சாப்பாடு உண்டு, ஒளிய இடம் உண்டு. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்புக்குள் ஒரு பன்றி பகலெல்லாம் படுத்துக் கிடந்தாலும், பத்தடி தள்ளி வரப்பில் நிற்பவருக்குத் தெரியாது. ராத்திரி எழுந்து வரும். தின்பது கொஞ்சம்தான். கிளறுவதும் சாய்ப்பதும்தான் அதிகம். தமிழ்நாட்டின் சமவெளி ஊர்கள் பலவற்றில் இன்றைக்கு இதுதான் கதை. பன்றி போக மிச்சத்தை மயில் பார்த்துக்கொள்ளும்.

சரி, விவசாயி என்ன செய்வார்? கருவிகள் வரிசைகட்டி நிற்கின்றன. சோலார் வேலி. ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு. புலி மாதிரி உறுமும் ஸ்பீக்கர். நம் காதுக்குக் கேட்காத சத்தம் போடும் பெட்டி. எல்லாம் கொடுக்கிற வாக்குறுதி ஒன்றுதான். 'அண்ணே, நீங்க போய்த் தூங்குங்க, நான் பாத்துக்கறேன்.'

இந்த வாக்குறுதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

முதல் அத்தியாயத்தில் மின்சாரம் கிடையாது. சங்க காலத்துத் தினைப்புனம். மரக்கிளையில் ஒரு பரண், அதன்மேல் ஒரு பெண். கையில் கவண். கூடவே தட்டை, தழல், குளிர் என்று கிளி விரட்டும் கருவிகள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இவை பெயர் சொல்லி வருகின்றன. தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து செய்தது. தட்டினால் படபடவென்று சத்தம் வரும், அவ்வளவுதான். இன்றைய சத்தப் பெட்டிகளின் பாட்டி!

அகநானூற்றில் இன்னும் வேடிக்கையான காட்சி ஒன்று உண்டு. தினை மேய யானை வருகிறது. அங்கே ஒரு பெண் குறிஞ்சிப் பண்ணில் பாடுகிறாள். யானை தின்ன மறந்து, நின்ற இடத்திலேயே தூங்கிப்போகிறது. கவிஞரின் கற்பனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். கவணோ, தட்டையோ, பாட்டோ... எந்தக் கருவியாக இருந்தாலும் அதன் மறுமுனையில் ஒரு ஆள் இருந்தார். விழித்துக்கொண்டு இருந்தார். யானை வலப்பக்கம் போனால் அவரும் வலப்பக்கம் திரும்புவார்.

அந்த ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? இந்தக் கேள்வியோடு மின்சாரம் உள்ளே வருகிறது. இரண்டு வாசல் வழியாக.

முதல் வாசல், யுத்தம். 1915. முதல் உலகப்போர். பெல்ஜியத்தைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மனி, பக்கத்து நாடான நெதர்லாந்துக்கு யாரும் தப்பி ஓடாமலிருக்க எல்லை நெடுக ஒரு மின்வேலி போட்டது. சுமார் 2,000 வோல்ட். தொட்டவர்கள் செத்தார்கள். உள்ளூர் மக்கள் அதற்கு வைத்த பெயரே 'மரணக் கம்பி'.

இரண்டாவது வாசல், நியூஸிலாந்தில் ஒரு பண்ணை. 1930களின் நடுவே பில் கல்லாகர் என்ற விவசாயிக்கு ஒரு பிரச்னை. அவருடைய குதிரை, முதுகு அரிக்கும்போதெல்லாம் அவருடைய காரில் வந்து உரசிக்கொள்ளும். மனிதர் யோசித்தார். கார் இன்ஜினைக் கிளப்ப உதவும் இக்னிஷன் சுருளை எடுத்து, காரிலேயே ஒரு ஏற்பாடு செய்தார். குதிரை வந்து உரசியதும் சுரீரென்று ஒரு அடி! குதிரை ஓடியது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அந்தக் கார் பக்கம் வரக்கூடாது என்று கற்றுக்கொண்டது. இதிலிருந்து பிறந்ததுதான் கல்லாகர் கம்பெனியின் மின்வேலி வியாபாரம். 1962-ல் அதே நாட்டைச் சேர்ந்த டக் ஃபிலிப்ஸ், புல்பூண்டு பட்டாலும் சட்டென்று வலு இழந்துவிடாத வேலியைக் கண்டுபிடித்தார். சில நூறு மீட்டருக்கு மேல் தாங்காத மின்வேலி, கிலோமீட்டர் கணக்கில் நீண்டது.

இரண்டும் மின்வேலிதான். ஆனால், ஒன்று கொல்ல வந்தது. இன்னொன்று சொல்ல வந்தது.

நான் படித்தது பி.காம். ஓம் விதியெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் இந்த வித்தியாசம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். முறையான மின்வேலியில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். ஆனால், மின்சாரம் தொடர்ந்து ஓடாது. ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு ஒரு துடிப்பு. மிச்ச நேரமெல்லாம் சும்மா. அந்த இடைவெளியில் மிருகம் காலை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். வோல்ட் அதிகம், ஆற்றல் சொற்பம்.

நம் வீட்டுக் கரன்ட் அப்படியா? 230 வோல்ட்தான். ஆனால், இடைவெளியே கிடையாது. கம்பியைப் பிடித்த தசை இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விடாது. இதயம் தாறுமாறாகி நின்றுபோகும். மோட்டார் கொட்டகையிலிருந்தோ, லைனில் கொக்கி போட்டோ நேராகக் கம்பிக்குக் கரன்ட் கொடுக்கிறவர், தான் போட்டது கல்லாகர் வேலி என்று நினைத்துக்கொள்கிறார். இல்லை. அவர் போட்டது 1915-ம் வருடத்து வேலி.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் இது நடந்தது. காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாகப் போட்ட மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் சிக்கிச் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. விவசாயி கைதானார். பன்றிக்கு வைத்த கம்பிக்கு யானை எது, மனிதன் எது என்று எப்படித் தெரியும்? விடியற்காலையில் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் செத்துக் கிடந்தார் என்ற செய்தியை நீங்களும் எத்தனை முறை பேப்பரில் கடந்து போயிருப்பீர்கள்! யானைக்காவது கணக்கு இருக்கிறது. 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து வருடத்தில் இந்தியாவில் இயற்கைக்கு மாறாகச் செத்த யானைகள் 528 என்று மத்திய அரசு பாராளுமன்றத்தில் சொன்னது. அதில் மின்சாரம் தாக்கிச் செத்தவை 392. ரயில், வேட்டை, விஷம் மூன்றையும் கூட்டினாலும் இதில் பாதி வராது.

2023-லேயே தமிழக அரசு மின்வேலிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காடுகளை ஒட்டிய பகுதிகளில் மின்வேலி போட அனுமதி வேண்டும், இருப்பதைப் பதிவு செய்யவேண்டும். நல்லதுதான். ஆனால், ராத்திரி பத்து மணிக்குக் கொக்கி போடுகிறவர் பதிவு செய்யவா போகிறார்?

'கம்பியே வேண்டாம் சார், சத்தம் போதும்' என்பது அடுத்த அத்தியாயம். அல்ட்ராசோனிக் பெட்டி. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய், பூனை, எலி எல்லாம் அதற்கு மேலும் கேட்கும். ஆகவே நமக்குத் தொந்தரவில்லாமல் அவற்றை விரட்டலாம் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த வகைச் சத்தம் காற்றில் சீக்கிரம் தேய்ந்துபோகும், இலை தழை குறுக்கே வந்தால் தாண்டாது. கரும்புக்கொல்லையில் எத்தனை தூரம் போகும், நீங்களே சொல்லுங்கள். மயிலுக்கோ இது கேட்கவே கேட்காது. பறவைகளின் காது இந்த விஷயத்தில் நம்மைவிட மட்டம். 2001-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம், அல்ட்ராசோனிக் பூச்சி, எலி விரட்டிகளைத் தயாரித்து விற்கும் அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. 'விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும், ஜாக்கிரதை' என்று.

சரி, கேட்கிற சத்தமாகவே வைத்தால்? முதல் வாரம் பிரமாதமாக வேலை செய்யும். பிறகு? புலி உறுமுகிறது, புலி வரவில்லை. மறுநாளும் உறுமுகிறது, வரவில்லை. பன்றிக்குப் புத்தி இல்லையா என்ன? யானை இன்னும் ஒரு படி மேல். தந்தத்தில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது என்பதைத் தெரிந்துகொண்டு தந்தத்தாலேயே கம்பியை அறுக்கும். மரத்தைச் சாய்த்து வேலிமேல் போட்டுவிட்டு நடந்துபோகும்.

இதே தலைவலி, கென்யாவில் ஒரு சிறுவனுக்கும் வந்தது. ரிச்சர்ட் துரேரே. மசாய் இனத்துப் பையன். நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி வீடு. மாட்டுப்பட்டிக்குச் சிங்கம் வரும். முதலில் நெருப்பு வைத்துப் பார்த்தான், பலிக்கவில்லை. சோளக்கொல்லை பொம்மை வைத்தான். முதல் நாள் சிங்கம் திரும்பிப் போனது. இரண்டாம் நாள் வந்தது. 'இந்த ஆள் நேற்றும் இதே இடத்தில்தான் நின்றான்' என்று அதற்குப் புரிந்துவிட்டது! ஒரு ராத்திரி டார்ச்சோடு பட்டியைச் சுற்றி நடந்தபோது சிங்கம் வரவில்லை. அப்போது பையனுக்கு உறைத்தது. சிங்கம் பயப்படுவது வெளிச்சத்துக்கு இல்லை, நகர்கிற வெளிச்சத்துக்கு. அதாவது, நடமாடும் மனிதனுக்கு. பழைய பேட்டரி, சோலார் தகடு, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டி, சில பல்புகள். பட்டியைச் சுற்றி விளக்குகள் மாறி மாறி எரிந்தன. அப்போது அவனுக்குப் பதினொரு வயது. 2013-ல் உலகமே அவன் மேடையேறிப் பேசியதைக் கேட்டது.

அந்த விளக்கு எதை நடிக்கிறது என்று பாருங்கள். ஒரு காவல்காரரை!

நம் வால்பாறையில் இதை இன்னும் ஒரு படி தள்ளிக் கொண்டுபோனார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானை நடமாடும் ஊர். வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிறவருக்கு அடுத்த திருப்பத்தில் யானை நிற்பது தெரியாது. அதனால்தான் சாவு. இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் அவருடைய சகாக்களும், கருவியை யானைப் பக்கம் திருப்பவில்லை; மனிதர் பக்கம் திருப்பினார்கள். இன்றைக்கு யானை எந்தப் பக்கம் என்று உள்ளூர் கேபிள் டி.வி.யில் எழுத்தாக ஓடியது. 2011 முதல் தமிழிலேயே எஸ்.எம்.எஸ். போனது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். பக்கத்தில் யானை வந்தால், உள்ளூர் ஆளே தன் செல்போனிலிருந்து அந்த விளக்கை எரியவிடலாம். 2015-ல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

கோவை மதுக்கரை ரயில் பாதையில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஏற்பாடும் இதே ஜாதிதான். 12 கோபுரங்களில் கேமரா, செயற்கை நுண்ணறிவு எல்லாம் இருக்கிறது. ஆனால், அது யானையை விரட்டுவதில்லை. மனிதர்களுக்குத் தகவல் சொல்கிறது. ரயிலை மெதுவாக ஓட்டவேண்டியதும், யானையைப் பாதையிலிருந்து விலக்கவேண்டியதும் அவர்கள் வேலை.

மறுபடி சேத்தியாத்தோப்பு. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடலாம். ஆனால், விவசாயி அல்ல. பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான். அவர்கள் வரும்வரை? வேலிதான்.

அந்த வேலி துடிப்பு வேலியாகவே இருக்கட்டும். அதற்கும் பீங்கானோ பிளாஸ்டிக்கோ இன்சுலேட்டர் வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் கம்பத்தின் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். இன்சுலேட்டர் வாங்கிவிடலாம். ஆனால், மழை பெய்தால் புல் வளர்ந்து கம்பியைத் தொடும். பேட்டரி ஓயும். ஒருநாள் அடிக்காவிட்டால் போதும், பன்றி கண்டுபிடித்துவிடும். தினமும் ஒருவர் வேலியோரம் நடந்து புல் அறுக்கவேண்டும்.

நம்முடைய சாகுபடிக் கணக்கில் விதை வரும், உரம் வரும், வெட்டுக்கூலி வரும். ராத்திரி கண் விழிப்பதற்கு மட்டும் கூலி எழுதுவதில்லை. அது வீட்டு ஆள் வேலை, கணக்கில் சைபர். அந்தச் சைபரைத் தாங்க முடியாத அசதியில்தான் ஒரு மனிதர் கொக்கியைத் தூக்குகிறார். நான்கு கொல்லைக்காரர்கள் சேர்ந்து ஒரு காவலாளுக்குக் கூலி கொடுத்தால், அதே நான்கு பேரின் வேலிக்கும் அவர் போதும்.

ஆகவே அடுத்த முறை யாராவது ஒரு பெட்டியைக் காட்டி, 'இதை வாங்கி வெச்சிட்டு நிம்மதியா தூங்குங்க' என்றால், விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

'மணி அடிச்சா, எழுந்து போறது யாரு?'