இருண்ட ஆற்றல்: பெயரும் பொருளும்

பொருள் இன்னதென்று தெரியும் முன்பே அதற்குப் பெயர் அமைந்துவிடுவது அறிவியல் வரலாற்றில் அரிதன்று. 1998-இல் ரீஸ், ஷ்மிட் ஆகியோரின் குழுவும் பெர்ல்மட்டரின் குழுவும் தனித்தனியே ஆராய்ந்த தொலைதூர சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்தன. அண்டத்தின் விரிவு தணியவில்லை, விரைவுபெறுகிறது என இரு குழுவினரும் முடிவுசெய்தனர். அதன் காரணத்தை அமெரிக்க அண்டவியலாளர் மைக்கேல் டர்னர் அதே ஆண்டில் ‘இருண்ட ஆற்றல்’ எனப் பெயரிட்டார். 2011-ஆம் ஆண்டின் நோபல் பரிசு விரைவைக் கண்டறிந்தமைக்கே வழங்கப்பட்டது. காரணத்தைக் கண்டறிந்தமைக்கு அன்று. இவ்வேறுபாடு பொதுப்பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

இந்தியாவில் முதல் வலுவான மறுப்பு புணேயிலிருந்து எழுந்தது. சூப்பர்நோவாக்களின் ஒளியை விண்மீன் மண்டலங்களுக்கு இடையேயுள்ள ஊசி வடிவ உலோகத் துகள்கள் மங்கச் செய்திருக்கலாம் என ஜயந்த் நார்லிகரும் அவருடைய சகாக்களும் 2000-த்தில் வாதிட்டனர். சாதாரணத் தூசு காரணமாயின் தொலைவு கூடக்கூட மங்கலும் கூடிக்கொண்டே போகவேண்டும். ஆனால் மிகத் தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்கள் அவ்வளவு மங்கவில்லை என்பதை ஹபிள் தொலைநோக்கியின் பதிவுகள் 2004-இல் காட்டின. அதன்பின் தூசு விளக்கம் பெரும்பாலோரிடம் செல்வாக்கிழந்தது.

தில்லியின் பங்கு வேறு வகையானது. ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் எம். சாமி, எட்மண்ட் கோப்லாண்ட், ஷின்ஜி சுஜிகாவா ஆகியோருடன் 2006-இல் எழுதிய நெடிய திறனாய்வுக் கட்டுரை, காரணமாகக் கூடியவற்றை வகைப்படுத்தியது. ஐன்ஸ்டைனின் அண்டவியல் மாறிலி, காலப்போக்கில் மாறும் புலங்கள், ஈர்ப்புக் கோட்பாட்டையே திருத்தும் முயற்சிகள் ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றன. மூன்றாவது வழி சரியாயின், ‘ஆற்றல்’ என்று தனியே எதுவும் தேவையில்லை.

2016-இல் ஆக்ஸ்ஃபோர்டின் சுபிர் சர்க்காரும் இரு ஆய்வாளர்களும் 740 சூப்பர்நோவாக்களை மறுஆய்வு செய்து, விரைவுக்கான சான்று மூன்று சிக்மாவுக்கும் குறைவு என்றனர். சூப்பர்நோவாக்களின் நிறம் முதலிய பண்புகளின் பரவல் தொலைவுக்கேற்ப மாறாது என்று அவர்கள் கொண்டதே பிழை என ரூபினும் ஹேடனும் அதே ஆண்டில் எதிர்வாதம் செய்தனர். நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சும் விண்மீன் மண்டலங்களின் பரவலும் தரும் தனிச் சான்றுகள் விரைவுக்கு ஆதரவாக நின்றன.

2025 மார்ச்சில் விவாதத்தின் முகம் மாறியது. அரிசோனாவிலுள்ள ‘டெசி’ கருவி 1.4 கோடிக்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்களையும் குவாசர்களையும் அளந்தது. அத்தரவைப் பிற தரவுகளோடு இணைத்தபோது, இருண்ட ஆற்றல் காலப்போக்கில் நலிவதற்கான குறிப்பு 2.8 முதல் 4.2 சிக்மா வரை கிடைத்தது. கண்டுபிடிப்பு எனக் கொள்ள ஐந்து சிக்மா வேண்டும். மாறிலியின் மதிப்பு எதிர்மமாகவும் இருக்கலாமா என்னும் வினாவை ஜாமியாவின் அஞ்சன் சென் குழு 2021-இலேயே எழுப்பியிருந்தது.

‘மாறிலி’ என்னும் தமிழ்ச்சொல் மாறாமையை முன்கூட்டியே உறுதிசெய்கிறது. ‘ஆற்றல்’ என்னும் சொல் ஒரு பொருளின் இருப்பை உறுதிசெய்கிறது. இரண்டுமே இன்னும் முடிவாகாத வினாக்கள். நார்லிகரும் சர்க்காரும் பெரும்பான்மையோரின் ஏற்பைப் பெறவில்லை. ஆயினும் ஒவ்வொரு மறுப்பும் அளவைகளைக் கூர்மையாக்கியது. கலைச்சொல்லை விடையாகக் கொள்ளாமல் வினாவாகவே கற்பித்தால், மாணவர்க்கு அவ்வரலாறு பயன்படும்.