தொழிலாளர் ஆணையர், வட கரோலினா

வட கரோலினா தொழிலாளர் ஆணையர் என்பவர் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தொழிலாளர் துறைக்குத் தலைமை தாங்கும், மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் அலுவலர். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் இப்பதவிக்கு ஆளுநரே ஆளை நியமிக்கிறார். ஜார்ஜியா, ஓக்லஹோமா, ஓரிகன், வட கரோலினா ஆகிய நான்கில் மட்டும் தேர்தல் நடக்கிறது. பதவிக்காலம் 4 ஆண்டுகள். ஆணையர் மாநிலத்தின் பத்து உறுப்பினர் செயலவையிலும் இடம்பெறுகிறார்.

பணியிடப் பாதுகாப்பு, ஊதியம், வேலைநேரம் பற்றிய சட்டங்களை நடைமுறைப்படுத்துவது முதன்மைப் பணி. கொதிகலன், மின்தூக்கி, கேளிக்கை இராட்டினம் ஆகியவற்றின் ஆய்வும் இத்துறையைச் சார்ந்தது. ஆனால் வேலையின்மைக் காப்பீடு வணிகத் துறையின் பொறுப்பு. 2001 முதல் 2021 வரை ஆணையராக இருந்த செரி பெரியின் படம் மின்தூக்கி ஆய்வுச் சான்றிதழ்களில் இடம்பெற்றதால், அவர் முகம் மாநிலமெங்கும் பழகிப்போனது.

இத்துறையின் தொடக்கம் 1887இல் நிறுவப்பட்ட தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம். துறையின் வரலாற்றில் மிகக் கொடிய நாள்களில் ஒன்று 1991 செப்டம்பர் 3. ஹாம்லெட் நகரக் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது, வெளிக்கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் 25 பேர் மாண்டனர். பதினோரு ஆண்டுகள் இயங்கிய அந்த ஆலைக்குப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருமுறைகூடச் சென்றதில்லை. அப்போதைய ஆணையர் ஜான் புரூக்ஸ் 1992இல் தம் கட்சியின் முன்தேர்தலிலேயே தோற்றார். சட்டமன்றம் புதிய பாதுகாப்புச் சட்டங்களை இயற்றி, ஆய்வாளர் எண்ணிக்கையையும் உயர்த்தியது.