கொல்லைக்கு வந்த வெயில் வெளிச்சம்

குரும்பலூர்ப் பக்கம் கரண்ட் என்றாலே கிணற்று மோட்டார்தான். 1990ல் தமிழ்நாட்டு விவசாயிகள் எல்லாருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாச்சு. காசு கிடையாது, ஆனா நேரம் நம்ம கையில் இல்லை. மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். ராத்திரி முறை வந்தா ராத்திரிதான் மடை மாற்றணும். வீட்டிலிருந்து மோட்டார் கொட்டாய் வரைக்கும் வரப்பில் இருட்டு. கையில் டார்ச் லைட், அதுக்கும் முன்னால அரிக்கேன் விளக்கு. கட்டுவிரியன் நடமாடுறதே ராத்திரியில்தான். கடிச்சாப் பல சமயம் வலிகூடத் தெரியாது, அதுதான் பயமே. பட்டணத்தில் சோலார் தோட்ட விளக்கை அழகுக்கு நடுறீங்க. எங்களுக்கு அது கால் வைக்கிற இடம் தெரியுறதுக்கு.

இந்த விளக்கோட பூர்வீகம் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம். 1954ல் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூணு பேர் சிலிக்கானில் சூரிய மின்கலம் செஞ்சு காட்டினாங்க. விழுகிற வெயிலில் 6 சதவீதம்தான் மின்சாரமாச்சு. அவங்க எதுக்கு அதில் இறங்கினாங்க தெரியுமா? வெக்கையும் புழுக்கமுமான ஊர்களில் டெலிபோனுக்கு வைத்த பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போச்சாம். அதாவது நம்ம மாதிரி ஊர்களுக்காக யோசிச்ச சாமான். ஆனா விலை எக்கச்சக்கம். அதனால 1958ல் வான்கார்ட் செயற்கைக்கோளில் ஏறி வானத்துக்குப் போயிருச்சு. வரப்புக்கு வர இன்னும் நாளாச்சு.

டெல்லியில் 1982ல் மரபுசாரா எரிசக்திக்குத் தனித் துறை, 1992ல் தனி அமைச்சகம். அவங்க பரப்பின சோலார் லாந்தரில் 10 வாட் பேனல், 12 வோல்ட் பேட்டரி, 7 வாட் சி.எஃப்.எல். பல்பு. தமிழ்நாட்டில் 2011-12ல் பசுமை வீடு திட்டம் வந்தது. 300 சதுர அடி வீடு, 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 சோலாருக்கு, 5 விளக்கு. நல்ல திட்டம்தான். ஆனா எந்தச் சோலார் விளக்கா இருந்தாலும் பேனல் இருபது வருஷம் தாங்கும், பேட்டரி சில வருஷத்தில் போயிரும். மாற்ற ஆள் இல்லேன்னா பேனல் கூரையில் சும்மா வெயில் காயும். விளக்கு கொடுக்கிறவங்க பேட்டரி மாற்றத் தெரிஞ்ச ஒரு பையனையும் ஊருக்கு ஒருத்தனாப் பழக்கியிருக்கணும்கிறது என் கருத்து.

நிலைமையை மாற்றினது எல்.இ.டி. நீல எல்.இ.டி. கண்டுபிடிச்ச அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014ல் நோபல் கொடுத்தாங்க. அந்த நீலத்திலிருந்துதான் வெள்ளை வெளிச்சம் வந்தது. கொஞ்சக் கரண்டே போதும்னு ஆனதும் பேனல் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிருச்சு.

இந்தக் குட்டி விளக்கில் பெரும்பாலும் இருட்டைக் காட்டிக்கொடுக்கிறதே பேனல்தான். வெயில் போய் அதில் மின்சாரம் நின்னதும் விளக்கு தானா எரியும். அதனால தெருவிளக்குக்குக் கீழே நட்டா, பொழுது விடியலேன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. நம்ம ஊருக்குப் பேனல் தெற்கே பார்த்து லேசாச் சாய்ஞ்சிருந்தாப் போதும், பதினோரு டிகிரிதான். தென்னை நிழல் ஆகாது. வெங்காயப் பட்டறைத் தூசி, குருவி எச்சம் எல்லாம் படியும், ஈரத்துணியால் துடைக்கணும். உள்ளே பென் டார்ச் செல் மாதிரி இருக்கிறது 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல். அது போனதும் கடையில் 1.5 வோல்ட் சாதா செல் வாங்கிப் போடாதீங்க. சார்ஜ் ஏற்றினாக் கசிஞ்சு விளக்கையே கெடுக்கும்.

2018ல் படைப்புழு வந்து பெரம்பலூர் மக்காச்சோளத்தைத் தின்னப்போ சோலார் விளக்குப் பொறி பற்றி எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க. அந்துப்பூச்சி வெளிச்சத்துக்கு வரும், கீழே தண்ணியில் விழும். இதே குணம் வரப்பு விளக்குக்கும் உண்டு. பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். அதனால விளக்கை வாசற்படிக்கு ஒட்டி நடாம, நடைபாதையை ஒட்டித் தள்ளி நடணும். நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைச்சல்.

ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் பாதி ராத்திரியிலேயே அணையும். அந்த ரெண்டு மாசமும் டார்ச் லைட்டும் கம்பும் இல்லாம மடைக்குப் போறதில்லை.