ஆடிப்பட்டமும் விக்டோரியா தினமும்

கே.ஜி.எஃப்.பில் வளர்ந்தவர்களுக்கு உறைபனி என்றால் சினிமாவில் பார்த்ததுதான். சுமார் 850 மீட்டர் உயரம். மார்கழியில் ஸ்வெட்டர் தேடுவோம், ஆனால் செடி கருகாது. நம்மவர்கள் நாள் பார்த்தது பனிக்கு அல்ல, மழைக்கு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். கோலார் பக்கம் மழை அதிகம் கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில்தான் என்பதால் பழமொழி அங்கேயும் பலித்தது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் மனிதர்களின் பொழுது ஷிப்ட் கணக்குக்கு மாறியது. செடிகளின் பொழுது மாறவில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பலர் தினமும் பெங்களூருக்கு ரயிலேறினார்கள். சிலர் என்னைப்போல் கனடா வரை வந்துவிட்டோம்.

இங்கே தென் ஒன்டாரியோவில் தோட்டக்காரர்களின் ஆடிப்பட்டம் எது தெரியுமா? விக்டோரியா தினம்! மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை. அதற்கு முன்னால் தக்காளி நட்டால் ஒரே ராத்திரி உறைபனியில் போய்விடலாம் என்பது ஊர்க்கணக்கு. டெய்லர் கம்பெனி நம்மூரில் தங்கம் தோண்ட வந்தபோது இந்தியாவின் சக்கரவர்த்தினியாக இருந்தவரும் இதே விக்டோரியாதான்.

இந்தக் கணக்கு டொமாட்டிலோவுக்கு இன்னும் முக்கியம். நம்மூர் வேலியோரச் சொடக்குத் தக்காளியின் மெக்சிகோ உறவுக்காரர் அது. அதே காகிதப்பை மாதிரி உறை, உள்ளே புளிப்பான பச்சைக் காய். பெயரிலும் ஒரு ஒற்றுமை. தமிழில் 'தக்காளி' என்பது முதலில் இந்த வகை நாட்டுச் செடிகளின் பெயர். கப்பலேறி வந்த சிவப்புப் பழம் 'சீமைத் தக்காளி'. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் 'தொமாட்டில்' என்றால் டொமாட்டிலோ போன்ற காய். சிவப்புப் பழத்துக்கு 'ஷிதொமாட்டில்' என்று தனிப்பெயர். இரண்டு ஊரிலும் பழையவரின் பெயரைச் சிவப்புப் பழம் எடுத்துக்கொண்டது.

ஏப்ரல் தொடக்கத்தில் விதையை வீட்டுக்குள் ஜன்னலோரம் போடுங்கள். விக்டோரியா தினம் கழித்து, ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது வெளியே நடுங்கள். குறைந்தது இரண்டு செடி வேண்டும். ஒற்றைச் செடி பூக்கும், காய்ப்பது அபூர்வம். அக்டோபரில் உறைபனி திரும்புவதற்குள் பறித்துவிடுங்கள். துவையலுக்கு அருமை.

நம் பிள்ளைகளுக்கு விக்டோரியா தினம் தெரியும், ஆடிப்பட்டம் தெரியாது. நடும்போது பக்கத்தில் நிறுத்தி அதையும் சொல்லுங்கள். ஊர் மாறியவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த மண்ணின் நாட்காட்டியை. கே.ஜி.எஃப். போன நம் தாத்தாக்களும் அதைத்தான் செய்தார்கள், தங்கள் பழமொழியை விட்டுவிடாமல்.