புகைப்போரும் ஆயுட் காப்புறுதியும்

மனிதரின் இறப்பை எண்ணிக்கையால் அளந்து, அவ்வளவுக்கேற்ப விலை குறிக்கும் முயற்சியே ஆயுட் காப்புறுதியின் அடிப்படையாகும். 1762இல் இலண்டனில் நிறுவப்பட்ட ஈக்குவிற்றபிள் சங்கம், காப்புறுதி கோருவோரின் வயதுக்கேற்பக் கட்டுப்பணத்தை வகுத்தது. வயதோடு அமையாது அவர்தம் பழக்கவழக்கங்களையும் நிறுவனங்கள் பின்னர் ஆராயத் தலைப்பட்டன. அவ்வாராய்வு எக்காலத்தும் செம்மையாக அமைந்ததெனக் கூறவியலாது. 1840இல் மதுவைத் தொடாத றொபேட் வோணர் என்பார் காப்புறுதி கோரியபோது, மது அருந்தாமை உடலுக்கு ஊறு விளைக்கும் எனக் கருதிய நிறுவனமொன்று அவரிடம் கூடுதலான கட்டுப்பணம் கேட்டது! அதன் விளைவாகவே மதுவிலக்காளர்க்கெனத் தனிக் காப்புறுதி நிலையம் தோன்றியது. மதுவிலக்காளரே நெடிது வாழ்ந்தனர் என்பதை அதன் கணக்குகள் பிற்காலத்திற் காட்டின.

புகையிலை பற்றிய கணக்கு நெடுங்காலந் தாழ்த்தே வந்தது. 1938இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக அறிஞர் றேமண்ட் பேள், 6,813 ஆடவர் பற்றிய தரவுகளைக் கொண்டு வாழ்நாள் அட்டவணைகளை அமைத்து, 'சயன்ஸ்' இதழில் இரு பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். முப்பது வயதில் உயிருடனுள்ள 100,000 பேரை எடுத்துக்கொள்ளின், புகையிலையைத் தொடாதோருள் 66,564 பேரும், மிதமாகப் புகைப்போருள் 61,911 பேரும், மிகுதியாகப் புகைப்போருள் 46,226 பேரும் அறுபதாம் வயதை எட்டுவர் என்பது அவர் கண்ட முடிபு. காப்புறுதிக் கணிப்பாளர் நாள்தோறும் கையாளும் அட்டவணை வடிவிலேயே இவ்வுண்மை வெளிவந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும் கட்டுப்பணம் மாறவில்லை. ஆடவரிற் பெரும்பாலோர் புகைத்த ஒரு சமுதாயத்தில், தன் வாடிக்கையாளரிற் பெரும்பாலோரைப் பகைத்துக்கொள்ள எந்த வணிகந்தான் முன்வரும்? இதனால், புகைப்போரின் முந்திய இறப்புக்கான செலவில் ஒரு பகுதியைப் புகையாதோர் தாமறியாமலே செலுத்தி வந்தனர்.

1950இல் பிரித்தானியாவில் டோல், ஹில் ஆகியோர் நுரையீரற் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்குமுள்ள தொடர்பை வெளியிட்டனர். 1964 ஜனவரி 11ஆம் நாள் ஐக்கிய அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார மருத்துவர் லூதர் ரெறி வெளியிட்ட அறிக்கை அத்தொடர்பை உறுதிசெய்தது. அவ்வாண்டிலேயே மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்ரேற் மியூச்சுவல் நிறுவனம் சிகரட் புகையாதோர்க்குக் கட்டுப்பணச் சலுகை அளித்தது. புகைப்போர்க்குத் தண்டமாக அன்றி, புகையாதோர்க்குச் சலுகையாக அது அறிவிக்கப்பட்டமை வணிக நுட்பமேயாகும். அதே நிறுவனத்தின் கணிப்பாளர் இருவர் 1980இல் வெளியிட்ட ஆய்வு, அதன் காப்புறுதியாளருட் புகைப்போரின் இறப்புவீதம் புகையாதோரதைவிட இருமடங்குக்கு மேற்பட்டதெனக் காட்டியது. அப்பத்தாண்டில் இரு பிரிவினர்க்கும் தனித்தனி அட்டவணைகள் வழக்கிற்கு வந்தன.

விலை வேறுபடவே, பொய்யுரைக்கும் ஆசையும் பிறந்தது. விண்ணப்பப் படிவத்தில் எழுதிய விடையை மாத்திரம் நம்பாது, நிறுவனங்கள் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் கொற்றினினைத் தேடலாயின. நிக்கொற்றீன் உடலிற் சிதைவதால் தோன்றும் இப்பொருள் சில நாட்கள் தங்கியிருக்கும். ஆயின் அந்நிக்கொற்றீன் சிகரட்டிலிருந்து வந்ததா, மெல்லும் புகையிலையிலிருந்து வந்ததா, புகைத்தலைக் கைவிட மெல்லும் கோந்திலிருந்து வந்ததா என்பதை அது கூறாது. எனவே கைவிட முயல்வோரும் புகைப்போருடன் சேர்த்தெண்ணப்படும் நிலை ஏற்பட்டது. இது நியாயமெனக் கொள்வது அரிது.

பொய்விடையின் விளைவு 1988இல் நியூயோர்க்கிலுள்ள கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. ஒரு வணிக நிறுவனம் தன் தலைவரின் உயிர்மீது 250,000 டொலர் காப்புறுதி பெற்றிருந்தது. புகைப்பதில்லை என விண்ணப்பத்திற் கூறியிருந்த அவர், பல்லாண்டுகள் புகைத்தவர் என்பது அவர் இறந்த பின்னரே வெளிப்பட்டது. செலுத்திய கட்டுப்பணத்துக்குப் புகைப்போரின் விகிதப்படி எவ்வளவு கிடைத்திருக்குமோ அத்தொகையையேனும் வழங்கவேண்டுமென அந்நிறுவனம் வாதாடியது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அவ்வாறு வழங்கின் பொய்யுரைப்போர்க்கு இழப்பேதுமில்லை என்றாகி, மெய்யுரைப்போரின் கட்டுப்பணமே காலப்போக்கில் உயரும் என அது கருதிற்று. ஒப்பந்தம் முற்றாக நீக்கப்பட்டது. செலுத்திய கட்டுப்பணம் மாத்திரமே மீண்டது.