உப்பளக் கரையிலிருந்து மைசூர் வரை – கல்வெட்டுகள் ஓரிடத்தில் சேர்ந்த கதை

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில், புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பாத்தி பாத்தியாகத் தெரியும் உப்பளங்களையும் வெள்ளைக் குவியல்களையும் பார்த்திருப்பார்கள். ஆனால் அதே ஊரில் உள்ள பூமீஸ்வரர் கோயிலின் சுவர்களைப் பார்த்தவர்கள் குறைவு. அந்தச் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உப்பளங்களைப் பற்றியும் அவை பேசுகின்றன. இந்தக் கரையில் உப்பு விளைவது நேற்று இன்று வந்த தொழில் அல்ல என்பதற்கு அந்தக் கற்களே சாட்சி.

கோயில் சுவர் என்பது அந்தக் காலத்துப் பதிவேடு. நிலம் விற்றது, வரி நீக்கியது, விளக்கெரிக்க ஆடு கொடுத்தது எல்லாம் அதில் ஏறும். சோழர்களிடம் 'புரவுவரித் திணைக்களம்' என்ற வருவாய்த் துறையே இருந்தது. வரிப்பொத்தகம், முகவெட்டி என்று அதில் பல அதிகாரிகள். ஓலையில் எழுதிய கணக்குகள் அழிந்துவிட்டன. கல்லில் வெட்டியவை மட்டும் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. இப்படி ஆயிரக்கணக்கான இடங்களில் கிடக்கும் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்ப்பது எப்படி?

ஒரு ஜெர்மானியர் தொடங்கிய வேலை

1886-ல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் சென்னை மாகாணத்தில் கல்வெட்டு ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். கல்லைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது. அதனால் படி எடுத்தார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடிப்பார்கள். தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும். பிறகு மேலே மை ஒற்றினால், கறுப்புத் தாளில் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். இதுதான் மைப்படி.

ஹுல்ஷும் அவருக்குப் பின் வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி போன்றவர்களும் செய்த பெரிய காரியம் படி எடுத்தது மட்டுமல்ல. ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். எந்த ஆண்டில் எடுத்தது, அந்த ஆண்டில் எத்தனையாவது என்ற இரண்டே விவரம்தான். அதனோடு ஊர், சுவரில் இருக்கும் இடம், அரசன், ஆட்சி ஆண்டு, மொழி, சுருக்கமான செய்தி ஆகியவற்றை ஆண்டறிக்கையில் அச்சிட்டார்கள். முழு வாசகங்கள் 1890 முதல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளாக வெளிவந்தன.

சேர்த்தால் போதுமா?

சேர்த்த பிறகுதான் உண்மையான சிக்கல்கள் வந்தன.

முதல் சிக்கல் காலம். கல்வெட்டுகளில் பொதுவான ஆண்டுக் கணக்கு இருப்பது குறைவு. 'இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூட்டிக்கொண்டார்கள். பெயர் இல்லாமல் 'பரகேசரி' என்று மட்டும் இருந்தால் அது எந்த அரசன்? எழுத்தமைதியையும், உள்ளே வரும் ஆட்களையும், வானியல் குறிப்புகளையும் பிற ஊர்க் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓர் ஊரில் மெய்க்கீர்த்தி சிதைந்திருந்தால் இன்னோர் ஊரில் உள்ள அதே மெய்க்கீர்த்தியை வைத்து நிரப்பலாம். எல்லாம் ஓரிடத்தில் இருந்தால்தான் இது முடியும்.

இரண்டாவது சிக்கல் தேடுவது. அறிக்கைகள் ஆண்டு வரிசையில் இருந்தன. ஒரே ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பல அறிக்கைகளைப் புரட்ட வேண்டும். வி. ரங்காச்சார்யா 1919-ல் சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்ட வாரியாகப் பட்டியலிட்டு மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். 1978-ல் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுய் ஆகியோர் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கெல்லாம் கணினி உதவியோடு அகராதி தயாரித்தார்கள். இன்று பல கிளை அலுவலகக் கணினிகளின் பதிவுகளை மைய சர்வரில் சேர்ப்பவர்களுக்கும் இதே வேலைதான்: அடையாள எண், நேரத்தை ஒப்பிடுதல், தேட வசதி.

மூலம் அழிந்தால்?

சோழர்களுக்கே இந்தக் கவலை இருந்தது. திருமழபாடிக் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் புதிதாகக் கட்ட ராஜராஜன் ஆணையிட்டபோது, இடிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள்!

பிற்காலத்தில் அந்தக் கவனம் எல்லா இடத்திலும் இருக்கவில்லை. திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பு பூசியும், மணல் வீச்சால் தேய்த்தும் எத்தனையோ எழுத்துகள் போய்விட்டன. மரக்காணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு கல்லை அரிக்கும். கல் போன இடத்தில் மைப்படி மட்டுமே மிச்சம்.

அந்தப் படிகளும் பயணம் செய்தன. கல்வெட்டு அலுவலகம் உதகமண்டலத்திலிருந்து 1966-ல் மைசூருக்குப் போனது. தமிழ்க் கல்வெட்டைப் பார்க்கத் தமிழ் மாணவர் மைசூர் போக வேண்டிய நிலை. தாள்கள் பழுதாகின்றன, பதிப்பிக்காதவை ஏராளம் என்ற குறை நீண்ட நாளாக எழுந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. அதன்பின் படிகள் சென்னைக்கு வரத் தொடங்கின.

வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. படித்து அச்சாக வேண்டும். உப்பளத்தில் விளைந்த உப்பைக் கரையில் குவித்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. மழைக்கு முன் மூடி வைக்கவும் வேண்டும், சமையலறைக்குப் போய்ச் சேரவும் வேண்டும். கல்வெட்டுக்கும் அதுவே பொருந்தும்.